முக்கால் அங்குல எலாஸ்டிக்

விசில் ஊதியாகிவிட்டது, இனி எழுந்து போக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே தெரிந்தது, பொய். எழுந்து போகலாம். இந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பத்து எட்டு வைத்தால் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் என் மகள் மீனலோசனி, எட்டாம் வகுப்பு, த்ரோபால் டீம், முதுகில் நாலாம் நம்பர் போட்ட மஞ்சள் பனியன், மூக்கில் கண்ணாடி, கண்ணாடியின் இரண்டு கம்பிகளையும் இழுத்துப் பிடித்துப் பிடரியில் சேர்க்கிற கறுப்பு எலாஸ்டிக், நான் தைத்தது, முக்கால் அங்குலம், இரட்டைத் தையல். மீன் மாதிரிக் கண் என்று என் மாமனார் ஆசையாக வைத்த பேர். மீனுக்கு மைனஸ் ஐந்தரை என்று அந்த மனுஷரிடம் யார் போய்ச் சொல்வது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பேரும் கண்ணும் என் தலையில். பத்து எட்டு. "ஜெசிந்தா மிஸ், ஒரு நிமிஷம்" என்று விளையாட்டு டீச்சரைப் பார்த்துக் கையைத் தூக்கினால் ஆட்டம் நிற்கும். நின்றால் என்ன சொல்வது? என் மகள் கண்ணுக்கு முன்னால் இரண்டு வில்லைக் கண்ணாடியை அசையவிடாமல் கட்டி வைத்திருக்கிறேன், அது ஆபத்து என்று காலை பத்தரை மணிக்கே எனக்குத் தெரியும், இப்போது மணி மூன்றே முக்கால், இடையில் சோறு வடித்தேன், ரசம் வைத்தேன், அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டேன், அந்த எலாஸ்டிக்கை என் கையாலேயே மாட்டியும் விட்டேன் என்றா? இத்தனை அம்மாக்கள் பார்க்க, பாளையங்கோட்டை வெயில் பார்க்க? முதல் பந்து வலைக்கு மேலே வந்தது. லோசனி இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். பார், பிடித்துவிட்டாள். நான் மூச்சு விட்டேன். பக்கத்து நாற்காலி பிரிஸ்கில்லா கை தட்டினாள், வளையல் சத்தம் அவள் பேச்சைவிட அதிகம்.

எல்லாம் அந்தக் கண்ணாடிக் கடை இருதயராஜ் அண்ணாச்சியால் வந்தது. மூக்குப் பட்டை ஒன்று கழன்றுவிட்டது, பைனல் ஆச்சே, மாற்றிவிடலாம் என்று காலையில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மூக்குப் பட்டை இல்லாமல் ஒரு பிள்ளை விளையாட முடியாதா, மூக்கு என்ன கரைந்தா போகும். அவர் கண்ணாடியை வாங்கி, எலாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன், எல்லாரும் பாராட்டியதுதானே. நகத்தால் வில்லையைச் சுண்டினார். டிங் என்றது. "இது கண்ணாடிம்மா" என்றார். "கண்ணாடியில்லாம அப்பளமா?" என்றேன். "பிளாஸ்டிக் வில்லைன்னா டொக்குன்னு கேக்கும். நான் அப்பமே பிளாஸ்டிக் போடுங்கன்னேன், நீங்கதான் கீறல் விழும், கண்ணாடியே வேணும்னு நின்னிய." நின்றேன், நிற்காமல்? அவள் பாவாடை நுனியால் துடைக்கிறவள், பிளாஸ்டிக் என்றால் ஒரு மாதத்தில் தேய்த்த சட்டி மாதிரி ஆக்கிவிடுவாள். பெற்றவளுக்குத் தெரியாதா. "பந்து மூஞ்சில பட்டா கண்ணாடி தெறிச்சு விழணும்மா. விழுந்தா ஃப்ரேம் போவும், அவ்வளவுதான். நீங்க விழவிடாமக் கட்டி வச்சிருக்கிய. பொறவு பந்து எங்க போவும், அந்த வில்லை எங்க போவும்?" என்று கேட்டுவிட்டு, தன் கட்டை விரலைத் தன் கண்ணுக்கு நேரே கொண்டுபோய், இமையைத் தொடுகிற தூரத்தில் நிறுத்தினார். அதை மட்டும் அவர் செய்யாமல் இருந்திருந்தால். பேச்சை மறந்துவிடுவேன், எத்தனை பேர் பேச்சை மறந்திருக்கிறேன், இருபது வருஷக் கல்யாணத்தில் அதுதானே வேலை. அந்தக் கட்டை விரல் போகமாட்டேன் என்கிறது. நகத்தில் கறுப்பு, ஓரத்தில் பழைய வெட்டு. ரசத்துக்குப் புளி கரைக்கும்போதும் அந்த விரல். இப்போதும், அதோ, வலைக்கு மேலே பந்து எழும்பும்போதெல்லாம்.

"அண்ணாச்சி, புதுச் சரக்கு விக்கணும்னா விக்கணும்னு சொல்லுங்க. எம்மவ கண்ணக் காட்டி என்னப் பயமுறுத்தாதிய" என்றேன். நல்ல பதில். கடையில் இருந்த இன்னொரு அம்மாள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஒரு படத்தை எடுத்துக் காட்டினார், விளையாட்டுக்கென்றே வருகிறதாம், சுத்தியலால் அடித்தாலும் உடையாத வில்லை, கண்ணோரமெல்லாம் ரப்பர் மெத்தை, பட்டையும் கூடவே, தவளை மாதிரி இருக்கிறது. செய்து வர நாலு நாள். நாலு நாள் கழித்து என்ன, திவசமா? பைனல் இன்றைக்கு. "இன்னைக்கு ஒரு நாள் உக்கார வச்சிருங்கம்மா" என்றார். உட்கார வைப்பதாம். உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று அந்த மனுஷருக்கு என்ன தெரியும், அவர் ஆம்பிளை, கண்ணாடி போட்டால் படித்தவன் என்பார்கள், அவ்வளவுதான். உட்கார்ந்தவள் எழுந்ததே இல்லை. எங்கள் கான்வென்டில் சகாயராணி என்று ஒருத்தி, ஆறாம் வகுப்பில் கண்ணாடி போட்டாள், அன்றைக்கே மதர் அவள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து மைதானத்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தார், ஸ்கோர் எழுது என்று. பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் எழுதினாள். நாங்கள் வியர்த்து வடிந்து வந்து அவள் நோட்டின்மேல் தண்ணீரைச் சிந்துவோம். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, இது எத்தனை விரல், இது எத்தனை விரல் என்று கேட்போம். கேட்போம் என்ன, கேட்டது நான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் மூன்று என்பாள், நான் மூன்றையே நீட்டியிருந்தாலும் ஒன்றை மடக்கிக்கொள்வேன். அவள் அழவும் மாட்டாள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, பென்சிலைக் கூராக்கிக்கொண்டே இருப்பாள். இதில் வேடிக்கை என்னவென்றால் பத்தடி தள்ளி வேறு யாராவது விரலை நீட்டியிருந்தால் எனக்கும் எண்ணத் தெரிந்திருக்காது. பதினொரு வயதிலிருந்தே எனக்குக் கரும்பலகை வெறும் பச்சைப் பாசி. யாருக்கும் சொல்லவில்லை. கண் பரிசோதனைக்கு டாக்டர் வந்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர், பதினேழு பேரும் ஒருத்தி விடாமல் சத்தமாகப் படித்தார்கள், ஈ, எஃப் பி, டி ஓ இஸட், பதினெட்டாவதாக நின்று நான் கடைசி வரி வரைக்கும் ஜெபம் மாதிரிச் சொன்னேன். பலகை எந்தச் சுவரில் இருந்தது என்றே சரியாகத் தெரியவில்லை. மதர் "வெரி குட் சண்முகவடிவு" என்றார். டீமில் இருந்தேன். பந்தைப் பார்த்தா பிடித்தேன், எதிர்ப்பக்கத்தில் உள்ளங்கையில் பந்து அறைகிற சத்தத்தைக் கேட்டுப் பிடித்தேன், ஒரு தடவை சத்தம் கேட்கவில்லை, மூக்குத் தண்டு போயிற்று, மாடிப்படியில் விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன். இன்றைக்கும் இந்த மூக்கு லேசாக இடதுபக்கம் பார்க்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வலப்பக்கம் தெரிகிற மாதிரி உட்கார வைத்தார்கள். நான் கண்ணாடி போட்டது தாலி ஏறின பிறகுதான்.

ஆகவே என் மகள் ஸ்கோர் எழுத மாட்டாள். இதில் என்ன தப்பு? ஆறு வாரத்துக்கு முன்னால் முதல் ஆட்டத்தில் அவள் கண்ணாடி மூன்று தடவை கீழே விழுந்தது, மூன்றாம் தடவை அவளே அதை மிதிக்கப் பார்த்தாள், ஜெசிந்தா மிஸ் என்னைக் கூப்பிட்டு, "கண்ணாடி நிக்காதுன்னா வேற பிள்ளைய இறக்க வேண்டியதுதான் மேடம்" என்றாள். முப்பது வயதுகூட ஆகாத பெண், என்னைப் பார்த்து. அன்று சாயங்காலமே யூனிஃபார்ம் பாவாடைக்கு வாங்கி மீந்த எலாஸ்டிக்கை எடுத்தேன், கம்பி நுனிகளுக்கு உறை மாதிரி போட்டு மூடித் தைத்தேன், பின்னால் இரண்டு கொக்கி, தளர்த்த ஒன்று, இறுக்க ஒன்று. தலையைக் கீழாகப் போட்டு ஆட்டு என்றேன், ஆட்டினாள், விழவில்லை. குதி என்றேன், குதித்தாள், விழவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி, "இது பத்திரமாட்டி?" என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது, அதற்கும் நான், "உங்க ஸ்கூட்டரவிடப் பத்திரம்" என்று சொல்லி வாயை அடைத்தேன். மறுவாரம் ஜெசிந்தா மிஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் லோசனியின் தலையைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, அம்மான்னா இப்படி இருக்கணும்" என்றாளாம். அதை லோசனி வந்து சொன்னபோது நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அவளுக்கு உருளைக்கிழங்கு வறுத்தேன். பாராட்டு என்பது அப்படித்தான், ஒரு தடவை வாய்க்குள் போனால் போதும், துப்ப முடியாது.

முதல் செட் எங்களுக்கு. பதினைந்து பதினொன்று. இரண்டாவது அவர்களுக்கு, பதினைந்து ஒன்பது, ஏனென்றால் அந்த எட்டாம் நம்பர் வந்துவிட்டாள். எதிர் பள்ளிக்காரி, கொக்கு மாதிரி உயரம், கை முழங்கால் வரைக்கும். மூன்று பந்து பார்த்தேன், புரிந்துவிட்டது. அவள் வெற்றிடம் பார்த்து எறியவில்லை, லோசனியைப் பார்த்து எறிகிறாள். தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு நொடி சூரியனுக்கு நேரே வைத்திருந்து, அப்புறம் முகத்துக்கு. கண்ணாடியில் வெயில் பட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்திருக்கிறாள். கெட்டிக்காரி. நானாக இருந்தாலும் அங்கேதான் எறிவேன். அவள் அம்மா எங்கேயோ உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு பந்துக்கும் லோசனி கையை முகத்துக்கு முன்னால் விரிக்கிறாள், பந்து கைக்குள் வந்து விழுகிறது, அல்லது விழாமல் தோளில் பட்டுப் போகிறது, அல்லது விரலைத் தட்டிவிட்டுக் காதோரமாகப் போகிறது, நான் நாற்காலிக் கையைப் பிடித்திருக்கிறேன், பிடித்திருப்பது நாற்காலி இல்லை பிரிஸ்கில்லாவின் முழங்கை என்று அவள் "அக்கா" என்றபோதுதான் தெரிந்தது. "டென்ஷனாக்கா? உங்க பிள்ள நல்லா ஆடுது. எங்க ஜெர்லினும் ஆடணும் ஆடணும்னு ஒரே பிடிவாதம். ஆறாங் கிளாஸ் டீமுக்கு ஆள் எடுக்காவ. இதுக்குத்தான் அஞ்சு பவராயிருக்கே, அவிய அப்பா வேண்டாங்காவ." ஜெர்லின் அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, சோடாப்புட்டி அடிமாதிரிக் கண்ணாடி, மடியில் நோட்டு, இரண்டு பள்ளிக்கும் கோடு கிழித்து ஸ்கோர் எழுதிக்கொண்டு. யாரும் எழுதச் சொல்லவில்லை. தானாகவே எழுதுகிறது. எனக்கு ஏனோ அந்த நோட்டைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும் போலிருந்தது.

இரண்டாம் செட்டுக்கும் மூன்றாம் செட்டுக்கும் நடுவில் மூன்று நிமிஷம். எழுந்துவிட்டேன். கடவுளே, எழுந்துவிட்டேன், கையில் குளுக்கோஸ் தண்ணீர் போத்தல், கால் தானாக நடக்கிறது, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டுகிறது, வாக்கியம்கூடத் தயார், மிஸ், பிள்ளைக்குத் தலை சுற்றுதாம், உட்காரட்டும். தலை சுற்றல் நல்லது. தலை சுற்றலில் யார் தப்பும் இல்லை. லோசனி தண்ணீரை வாங்கிக் குடித்தாள், அவள் மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திச் சிவந்த குழி, எலாஸ்டிக் போன வழியெல்லாம் நெற்றிப்பொட்டில் தடம். "அம்மா, வலிக்கும்மா. லேசா லூசு பண்ணு." இதோ. அவளே வழி விடுகிறாள். கொக்கியில் விரல் வைத்தேன், கழற்றவே போகிறேன், முழுக்க, அந்தச் சமயம் பார்த்து ஜெசிந்தா மிஸ் பின்னாலிருந்து, "லூஸ் பண்ணாதீங்க மேடம், இப்ப விழுந்தா மேட்ச் போச்சு. உங்க கைவேலையிலதான் நிக்குது டீமே" என்று சிரித்தாள். டீமே. என் கைவேலையில். லோசனியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், இரண்டு வில்லைக்கும் பின்னால் சிறுத்துப்போன கண், எனக்காக ஒரு பெருமை அதில், வலிக்கு நடுவில் எனக்காக. தளர்ந்தால் ஆடும், ஆடினால் இன்னும் மோசமாகப் படும் என்று எனக்குள் ஒருத்தி மளமளவென்று சொன்னாள், இருதயராஜ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அவளாகச் சொன்னாள், இறுக்குகிற கொக்கியை எடுத்து மாட்டினேன். "இறுக்கமாத்தான் இருக்கணும்ட்டி" என்றேன். "கைய நல்லா விரி. மூஞ்ச விட்டுராத." தலை சுற்றல் வாக்கியம் தொண்டையிலேயே இருந்தது. அதை முழுங்கிக்கொண்டு பத்து எட்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன், நாற்காலி சுட்டது.

மூன்றாம் செட். இனி எண்ணிக்கைதான். இரண்டு இரண்டு. ஐந்து மூன்று. எட்டு எட்டு. ஒவ்வொரு பந்தும் எங்கே போகும் என்பதைவிட எங்கே போகாது என்று பார்க்கிறேன். வலப்பக்கம் போ. பின்னால் நிற்கிற குண்டுப் பெண்ணிடம் போ, அவளுக்குக் கண்ணாடி இல்லை, மூஞ்சியில் பட்டால் இரண்டு நாள் வீங்கும், அவ்வளவுதான். பிறத்தியார் பிள்ளை முகத்துக்கு இப்படி வழி காட்டுகிறேனே என்று ஒரு கணம், ஒரே கணம், அப்புறம் மறுபடி, குண்டுப் பெண்ணிடம் போ. ஒரு கண் போனால் என்ன செய்வார்கள். இன்னொரு கண்ணுக்கும் வரும் என்பார்களே, பரிவாகவாம், ஒன்றுக்காக ஒன்று. கண்ணுக்குப் பரிவு உண்டு. பச்சைத் துணி போட்டுக் கட்டுவார்களா, வெள்ளையா. ஆஸ்பத்திரி வாசலில் பிரிஸ்கில்லா ஹார்லிக்ஸ் புட்டியோடு வந்து நிற்பாள், "ஐயோ அக்கா, எப்படிக்கா" என்பாள், அந்த "ஐயோ" இருக்கிறதே, மற்ற எல்லாத்தையும் தாங்கலாம், அதைத் தாங்க முடியாது. ச்சீ, பிள்ளை கண்ணைப் பற்றி நினைக்கும்போதும் பிரிஸ்கில்லா என்ன சொல்வாள் என்றுதானா. ஆமாம், அப்படித்தான், என்ன செய்ய, என் மண்டையில் அவர்களெல்லாம் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளை பின்னால். பதினொன்று பத்து. இருதயராஜ் மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருந்தால் போதும். கடையில் இருந்த அந்த இன்னொரு அம்மாள் யார், சிரித்தவள், அவள் பிள்ளை எந்தப் பள்ளி. பன்னிரண்டு பன்னிரண்டு. இப்போது எழுந்தால் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே எழுந்திருந்தால் பொறுப்பான தாய். எந்தப் பந்துக்கும் எந்தப் பந்துக்கும் நடுவில் அது மாறியது? பதின்மூன்று பதின்மூன்று. ஜெர்லினின் பென்சில் நோட்டில் கிறீச் என்றது.

எட்டாம் நம்பர் பந்தைத் தூக்கினாள். சூரியனுக்கு நேரே. வைத்திருந்தாள், ஒன்று, இரண்டு. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வந்ததா என்று தெரியாது. பந்து வந்தது, லோசனி கை விரித்தது நேரத்துக்குத்தான், ஆனால் கொஞ்சம் கீழே, பந்து விரல் நுனிகளைப் பிளந்துகொண்டு போய் முகத்தில் விழுந்தது, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் மூக்குக்குத் தெரியும், தோலும் எலும்பும் பந்தும் ஒன்றாகிற சத்தம். அவள் உட்கார்ந்தாள். மெதுவாக, பள்ளிக்கூட அசெம்பிளியில் உட்காரச் சொன்னால் உட்கார்வது போல, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு. நான் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு ஓடிய ஞாபகம் இல்லை, அவள் கைகளை முகத்திலிருந்து பிரிக்கிற ஞாபகம்தான், ஒவ்வொரு விரலாக, அவள் விடவில்லை, நான் பிடுங்கினேன், எனக்கு முதலில் தெரிய வேண்டும், வேறு யாருக்கும் முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். இடது புருவத்துக்குக் கீழே ஃப்ரேம் போய் அழுந்தி அரை அங்குலத்துக்கு வெட்டு, அதிலிருந்து ரத்தம் ஒரு கோடாக மூக்கோரம் இறங்குகிறது. வில்லை, இரண்டும் முழுசு. இடது வில்லையின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், மேலிருந்து கீழே, பாதி வழியில் நின்றுவிட்டது. பாதி வழியில். ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது. "கண்ணு தெரியுதா? இது எத்தன விரல்?" என்று என் வாயே கேட்டது. "ரெண்டும்மா" என்றாள். இரண்டுதான். "பந்து போச்சாம்மா?" என்று கேட்டாள்.

போகவில்லை. முகத்தில் பட்டு எழும்பிய பந்தைக் குண்டுப் பெண் ஓடி வந்து பிடித்துவிட்டாளாம், தரையில் படாத பந்து செல்லும் என்று விசில் ஊதவில்லையாம், பிடித்ததை எறிந்துமிருக்கிறாளாம், எட்டாம் நம்பர் தான் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றதில் விட்டுவிட்டாளாம். அடுத்ததும் எங்களுக்கே. பதினைந்து பதின்மூன்று. லோசனியை எல்லாரும் தூக்கினார்கள், புருவத்தில் பஞ்சோடு. ஜெசிந்தா மிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், "கண்ணாடி விழவும் இல்ல, உடையவும் இல்ல பாத்தீங்களா! எலாஸ்டிக் இல்லேன்னா என்னாயிருக்கும்!" என்றாள். எலாஸ்டிக் இல்லையென்றால் கண்ணாடி பறந்துபோய் அந்த மண்ணில் கிடந்திருக்கும், புருவத்தில் ஒரு சிவப்புக்கூட இருந்திருக்காது. எனக்குத் தெரியும். இந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் பெனிட்டா மைக்கைப் பிடித்தார். காயத்தோடும் கலங்காத மாணவி, அவளுக்குப் பின்னால் நிற்கும் தாய், கண்ணாடி அணியும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பெற்றோர் இதுபோல் செய்து கொடுத்தால் இனி யாரும் விளையாட்டில் பின்தங்க வேண்டியதில்லை என்று, நிறுத்தி நிறுத்தி, அசெம்பிளியில் பேசுகிற தமிழில். கை தட்டினார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். எழுந்து நிற்பது எவ்வளவு சுலபம். கும்பிட்டேன்கூட.

கூட்டம் கலைகிறபோது லோசனியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப்போய், கொக்கியை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றி, விரிசல் வெளியே தெரியாதபடி கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் அடியில் போட்டேன். "ஏம்மா? நான் எப்படிப் பாக்க?" என்றாள். "எங்கையப் பிடிச்சுக்கோ. இனி நீ இதப் போடக் கூடாது, கேட்டியா, ஒரு நாளும். பழசு ஒண்ணு கிடக்கு, அதப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போ. விளையாட்டுக்கு வேற வருது." "இது நல்லாத்தானம்மா இருந்துச்சு. சிஸ்டரே சொன்னாங்க." "சிஸ்டர் சொல்லுவாங்க" என்றேன். அந்தச் சுவர் மறைவிலேயே கடைக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, அந்தத் தவளைக் கண்ணாடி, பவர்தான் உங்ககிட்ட இருக்கே, இன்னைக்கே செய்ய அனுப்பிருங்க" என்றேன். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லியேம்மா?" என்றார். "அவளுக்கென்ன, ஜெயிச்சுட்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். லோசனி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தரையைக் காலால் தடவித் தடவி நடந்தாள். வெயில் இறங்கவே இல்லை.

வாசலுக்கு வரும்போது பிரிஸ்கில்லா ஓடி வந்து மறித்தாள், ஜெர்லினைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு. "அக்கா, அக்கா, நில்லுங்க. சிஸ்டர் சொன்னாங்கள்லா, இதோட அப்பாவும் போன்ல சரின்னுட்டாவ. திங்கக்கிழமையே டீமுக்கு ஆள் எடுக்காவளாம். எப்படித் தைக்கணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்களேன்." இப்போது சொல்லலாம். ஒரே வாக்கியம். தைக்காதே, அது கண்ணைக் குத்தும், தவளைக் கண்ணாடி வாங்கு, இருதயராஜிடம் கேள். சொன்னால் அவள் என் பிள்ளை புருவத்தைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள், தெரிஞ்சேவாக்கா என்பாள், ஐயோ என்பாள், திங்கட்கிழமைக்குள் அந்த ஐயோ சிஸ்டர் வரைக்கும் போகும். போனில் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு, நாளைக்கு ஞாயிறு, பூசைக்குப் போவாள், சாயங்காலம் சொல்லலாம், எங்கேயோ படித்தேன் என்று சொல்லலாம். "ஒங்க பிள்ளையோடதக் காட்டுங்களேன், பாத்துக்கிடுதேன்" என்றாள். "பைக்குள்ள அடியில இருக்கு" என்றேன். "முக்கால் அங்குல எலாஸ்டிக் வாங்கு. கறுப்பு. இரட்டைத் தையல் போடு, பின்னால ரெண்டு கொக்கி." அவள் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள். லோசனி என் கையைப் பிடித்த பிடி லேசாகத் தளர்ந்தது, மறுபடி பிடித்தது. ஜெர்லின் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தது, அந்தக் கனத்த வில்லைகளில் இரண்டு சின்னச் சூரியன், அதற்குப் பின்னால் கண் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"இறுக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டது.

"இறுக்கும்" என்றேன். "பழகிரும்."